இருநூறு இலை

திண்டுக்கல்
14-3-1961
செவ்வாய்க்கிழமை காலை

மாப்பிள்ளை பொன்னுத்துரைக்கு,

நான்தான் வைத்தேன். வீரன் இலையில் அந்த எலும்பை வைத்தது இலை எடுக்கிற பையன் சங்கிலி இல்லை, நான். அவன்மேல் வீணாகப் பழி போடாதே. "எலும்பு தானா நடந்து போயி எலையில ஏறுச்சா, மாமா வாயால சொல்லட்டும்" என்று கார்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாய். கவருக்குள் வைத்து அனுப்பியிருக்கக் கூடாதா? தபால்காரர் படித்து, டீக்கடைக்காரர் படித்து, எதிர்த்த சைக்கிள் கடை அப்துல் ஜப்பார் படித்துச் சிரித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. ஊரில் நாய் எலும்பைக் கண்டால் ஓடி வரும். எலும்பைக் கண்டு கீரனூர் வரைக்கும் ஓடின ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

கடிதம் என்றால் முதலில் சுகம் கேட்கணும் என்று உன் அக்கா அதட்டுகிறாள். எதிரே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுத எழுதச் சத்தமாகப் படித்துக் காட்டணுமாம். என்மேல் அவளுக்கு அம்புட்டு நம்பிக்கை. நாங்கள் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் தங்கமுத்துவும் பிள்ளைகளும் உன் மாமனார் வீட்டு எருமையும் எப்படி என்று எழுது. நீ போய் இன்றைக்குப் பதிமூன்று நாள். மாமனார் வீட்டில் மூன்றாம் நாளே சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் குறைய ஆரம்பிக்கும். பதிமூன்றாம் நாள் இலையில் என்ன விழுகிறது என்று தனியாக ஒரு கார்டு போடு. அதையும் தபால்காரர் படிக்கட்டும்.

நீ எழுதியிருப்பது பாதிக் கதை. மீதியை நான் எழுதுகிறேன். மூணாங் கிளாஸ் எழுத்துதான், பொறுத்துக்கொள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நீயும் நானும் இந்தக் கிளப்புக் கடையைப் போட்டுப் பன்னிரண்டு வருஷம். நீ கல்லாவில், நான் கடைகண்ணிக்கும் குழம்பு வாளிக்கும், உன் அக்கா அடுப்பில். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், புகையிலைக் கிட்டங்கியில் சரக்கு அடுக்குகிற ஆட்கள், சிறுமலையில் இருந்து வாழைத்தார் கொண்டு வருகிறவர்கள் எல்லாம் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இருபத்து நாலு பேர் சேருகிற வரைக்கும் இலை கிடையாது. எல்லா இலையிலும் சோறு விழுகிற வரைக்கும் ஒருத்தனும் கை வைக்க மாட்டான். கடைசி ஆள் மோரைக் குடித்து நிமிர்கிற வரைக்கும் ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படித்தான், நம் கடையிலும் அப்படித்தான். ஒரு பந்திக்கு ஒரு உலை. நாலு பந்தி, நாலு உலை, மத்தியானச் சாப்பாடு முடிந்தது.

தை மாசம் நீ காந்திகிராமத்துக்குப் பொருட்காட்சி பார்க்கப் போனாய். பஞ்சு மிட்டாயைத் தின்றுவிட்டுத் திரும்பியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அங்கே கண்ணாடி போட்ட யாரோ ஒருத்தர், எவ்வளவு சின்னக் கடையானாலும் எங்கே போய்ச் சேரணும் என்று எழுதி வைக்கணும், எழுதினதைத் தினம் கண்ணால் பார்க்கணும் என்று பேசினாராம். நீ வந்த கையோடு துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துச் சுவரில் எழுதிவிட்டாய். தேசத்துக்கே ஐந்து வருஷத் திட்டம் இருக்கும்போது நம் கடைக்கு இருந்தால் என்ன என்று கேட்டாய். முதல் வருஷம் மேஜை நாற்காலி, தினம் இருநூறு இலை. இரண்டாம் வருஷம் மாடி. மூன்றாம் வருஷம் ஒட்டன்சத்திரத்தில் லாரிக்காரர்களுக்காக ஒரு கடை. நாலாம் வருஷம் பழனி அடிவாரத்தில் ஒரு கடை. ஐந்தாம் வருஷம் ஓய்வு.

உன் அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துக் காட்டினேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள். "இதுல நான் எந்த வருசத்துல வாரேன்?" என்று கேட்டாள். "ஒனக்கு எதுக்குடி வருசம், நீதான் அடுப்பாங்கரையிலயே இருக்கியே" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை.

மாசி பிறந்து மேஜை வந்தது. முதல் நாள் கூத்தை நீ கார்டில் எழுதவே இல்லை. எனக்கு அதை விட மனசில்லை. முதலில் வந்த நாலு பேர் முதல் மேஜையில் உட்கார்ந்தார்கள். நீ ஓடிப் போய் இலையைப் போட்டுச் சோற்றையும் வைத்துவிட்டாய். கை வைப்பார்களா? மற்ற நாலு மேஜையும் நிறையட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார்கள். இருபது பேரும் வந்து, இருபது இலையிலும் சோறு விழுந்து, அதற்குப் பிறகுதான் பிசைந்தார்கள். சாப்பிட்டு முடித்தவன் காய்ந்த கையோடு அடுத்தவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடிக்கணும் என்று வந்த ஒருத்தர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தவித்தார், ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பாயில் இருந்த பந்தியைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்திருந்தாய், வேறு ஒன்றும் மாறவில்லை. அன்றைக்கு அறுபத்தொரு இலை. நீ கல்லாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கினதில் எனக்கு விலாவே வலித்தது.

ஆனால் நீ விட்டாயா? ஒரு வாரம் ஒவ்வொருத்தர் பக்கத்திலும் போய் நின்று, ஆச்சா அண்ணே, ஆச்சா தம்பி என்று கேட்டாய். முதலில் பஸ் டிரைவர்கள் எழுந்தார்கள். அப்புறம் கோர்ட்டு குமாஸ்தாக்கள் எழுந்தார்கள். கூட்ஸ் ஷெட் ஆட்கள் முறைத்துக்கொண்டே எழுந்தார்கள். நூற்றுப் பத்து, நூற்று இருபத்தைந்து, நூற்று நாற்பது என்று ஏறியது. நீ தினம் சாயங்காலம் சுவரில் கோடு போட்டாய்.

இப்போது எலும்புக்கு வாரேன்.

பந்தி இருந்தபோது ஒரு பந்தி எழுந்து, இலை எடுத்து, தரை துடைத்து, அடுத்த பந்தி உட்காருகிற வரைக்கும் உன் அக்காவுக்குச் செத்த நேரம் கிடைக்கும். அடுக்களையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பாள். மேஜை வந்த பிறகு அந்தச் செத்த நேரம் எங்கே போச்சு என்று நீ யோசித்தாயா? ஒருத்தன் எழுந்தால் ஒருத்தன் உட்காருகிறான். பத்தரை மணிக்கு நின்றவள் நாலு மணி வரைக்கும் நிற்கிறாள். ஒரு நாள் குழம்பு வாங்க உள்ளே போனேன். ஒரு காலைத் தூக்கி மறு கால்மேல் வைத்துக்கொண்டு, சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் வீங்கி, மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. என்னடி என்றேன். ஒன்றும் இல்லை, குழம்பை எடுத்துக்கொண்டு போங்க என்றாள்.

உன்னிடம் சொன்னால் நீ சுவரைக் காட்டுவாய். இன்னும் அறுபது இலைதான் மாமா என்பாய். அதனால்தான் வீரனைப் பிடித்தேன். அவர் யார் என்று கோபத்தில் மறந்திருப்பாய், ஞாபகப்படுத்துகிறேன். கூட்ஸ் ஷெட்டில் முப்பது வருஷம் மேஸ்திரி. அங்கே இன்றைக்கு மூட்டை தூக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை வேலையில் சேர்த்தவர். வாயில் மூன்று பல், அதுவும் ஒன்றை ஒன்று சந்திக்காத பல். நீ யாரை வேண்டுமானாலும் எழுப்பலாம், வீரன் சாப்பிடும்போது அவருக்கு முன்னால் எழுந்திருக்க அந்த ஆட்களுக்குக் கால் வராது. அவர் ஆட்களே எல்லா நாற்காலியையும் பிடித்திருக்கிற நேரத்தில் நல்ல நெஞ்செலும்பாகப் பார்த்து, "பெரிசு, ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன்" என்று இலையில் வைத்தேன். அவரும் அதை விடவில்லை, எலும்பும் அவரை விடவில்லை. முக்கால் மணி நேரம் ஒரு இலை நகரவில்லை. அடுக்களையில் எட்டிப் பார்த்தேன். உன் அக்கா அரிசி மூட்டையில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாள் அப்படிச் செய்தேன். ஆறாம் நாள் வீரன் இலையில் மட்டும் தினம் எலும்பு விழுவதை நீ கண்டுபிடித்துவிட்டாய். என்னையோ சங்கிலியையோ திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்போம். நீ நேரே போய் வீரன் முன்னால் நின்று, "யோவ் பெருசு, தின்னது போதும், எந்திரி" என்றாய். சாப்பிடுகிற மனுசனை இலையில் இருந்து எழுப்பினாய் மாப்பிள்ளை. வீரன் இலையைக்கூட மடக்காமல் எழுந்து போனார். அவரோடு மற்றப் பத்தொன்பது பேரும் எழுந்தார்கள். பாதிச் சோறு இலையில் கிடந்தது. நீ ஆசைப்பட்ட மாதிரி எல்லோரும் சுருக்காக எழுந்தது அன்றைக்குத்தான். பிறகு நீ என்னைப் பேசினாய், நான் உன்னைப் பேசினேன், கணக்கு நோட்டை வீசிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய்.

நீ போன மறுநாள் பதினெட்டு இலை. அதற்கு அடுத்த நாள் பதினொன்று. கூட்ஸ் ஷெட்டில் இருந்து ஒரு ஆள் வரவில்லை. புகையிலைக் கிட்டங்கியிலும் சேதி பரவிவிட்டது. வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து நானும் சங்கிலியும் மூன்று வேளை தின்றோம்.

மூன்றாம் நாள் காலையில் உன் அக்கா கையைக் கழுவினாள், சேலையை மாற்றினாள், தெருவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். பன்னிரண்டு வருஷத்தில் கூட்ஸ் ஷெட் எந்தப் பக்கம் என்றுகூட அவள் பார்த்தவள் இல்லை. கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள். வீரன் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே நின்று, "என் தம்பி பேசுனது தப்பு. அதுக்கு அவன் வந்து ஒங்ககிட்டப் பேசுவான். நீங்க எலையில விட்டுட்டு வந்தது என் கைச்சோறு. அதுக்கு நீங்க எனக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். சுற்றி நின்ற ஆட்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். வீரன் மூன்று பல்லும் தெரியச் சிரித்தார். "இப்படிக் கேட்டா நான் என்னத்தச் சொல்ல, வாரேந்தாயி" என்றார். அன்று மத்தியானமே முப்பது பேரோடு வந்து சேர்ந்தார்.

உன் அக்கா அதோடு விடவில்லை. இருபது நாற்காலியும் நிறைந்த பிறகு அடுக்களையை விட்டு வெளியே வந்தாள். "அப்பு, செத்த கேட்டுக்கங்க. வயிறு நெறஞ்சவுக எந்திரிச்சுப் போகலாம். பக்கத்துல ஒருத்தர் சாப்புட்டுக்கிட்டு இருந்தா அவருக்கு அது மரியாதக் கொறவு இல்ல. சோறாக்குனவ நான் சொல்றேன்" என்றாள். வீரன்தான், "போட்டவுகளே சொல்லியாச்சுல்ல. ஏலே, முடிச்சவன் எந்திரிடா, வண்டி நிக்குதுல்ல" என்றார். அம்புட்டுத்தான். ஒருத்தன் எழுந்தான், கூச்சத்தோடு இன்னொருத்தன் எழுந்தான். நீ நாள் கணக்கில் பக்கத்தில் போய் நின்று முழுசாக நடக்காதது அவள் ஒரு தடவை வெளியே வந்ததில் நடந்தது. நீயும் நானும் சொன்னால் அது வியாபாரம். ஆக்கிப் போடுகிறவள் சொன்னால்தான் அவர்களுக்கு உத்தரவு. இதை நம் இரண்டு பேருக்கும் யோசிக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு நூற்று நாலு. மறுநாள் நூற்று முப்பத்தொன்று. போன சனிக்கிழமை நூற்று அறுபது. உன் மேஜை ஜெயித்துவிட்டது மாப்பிள்ளை. எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். கிழித்து வைத்துக்கொள்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை சாத்தும்போது உன் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நூத்தி இருவது. அதுக்கு மேல ஒரு எல விழுந்தா நான் உல வைக்க மாட்டேன். கிட்டங்கியில இருக்க பேச்சாயிய எனக்குக் கூட வேலைக்கு வைக்கணும். செவ்வாக்கெழம கட கெடையாது. இந்த மூணும் சுவத்துல ஏறணும், அந்த நீலத்துலயே." திட்டத்தில் இருநூறு இருக்கிறதே என்றேன். "அத எழுதுனவன் ஆக்கட்டும்" என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "செவ்வாக்கெழம கடையச் சாத்துனா ஊருக்குச் செவ்வாக்கெழம பசிக்காதாடி" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. சோறு மட்டும் போட்டாள். நேற்று இரவு உன் கார்டைப் படித்துக் காட்டிய பிறகுதான், நாளைக்குக் காலையில் அவனுக்கு எழுதுங்க, நான் கேட்கிறேன் என்றாள். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அடுப்பு பற்ற வைக்கவில்லை என்பதை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.

மேலே எழுதின எலும்புக் கதையைப் படித்துக் காட்டும்போதே வெங்காயம் உரிக்கிறதை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமைச் சேதி வரைக்கும் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் உக்காரணும்னுதான் அவருக்கு எலும்பு வச்சீகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கேட்டதும் குளிர்ந்து போவாள் என்று நினைத்தேன். "அதுக்கு எலும்பு எதுக்கு? உக்காருடின்னு ஒரு வார்த்த சொல்ல வாயி இல்லையா?" என்றாள்.

நான், எலும்பானால் செலவில்லை என்று என்னமோ சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். ஆணியில் தொங்கின பையை எடுத்தாள். சேலை இரண்டு முன்னமே உள்ளே இருந்திருக்கிறது. இரு, இன்னும் எழுதி முடிக்கவில்லை, கடைசி வரியைக் கேட்டுவிட்டுப் போ என்றேன். "மிச்சத்த நீங்களே படிச்சுக்கங்க. நான் தம்பிகிட்டப் போறேன். சுவத்துல மூணும் ஏறுன பெறகு கூப்புட வாங்க" என்றாள். வாசலைத் தாண்டிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இனிமேல் எழுதுவது அவள் கேட்காதது.

பழனி பஸ் ஒன்பதே முக்காலுக்கு. சங்கிலி பக்கத்தில் நிற்கிறான், முடித்ததும் அவனை ஓடவிட்டு அவள் கையிலேயே இதைக் கொடுக்கச் சொல்லப் போகிறேன். எனக்கே ஓடலாம் போல இருக்கிறது. போனால் அங்கே நின்றுகொண்டு எதையாவது கேலி பேசிவிடுவேன். வாயைப் பழக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். கடை இன்றைக்கு இல்லை என்று வாசலில் பலகை சாத்தியாயிற்று. வீரன் வந்து பார்த்துவிட்டு, நல்லதுதானே என்று சொல்லிப் போய்விட்டார்.

நீலம் கரைத்து வைத்திருக்கிறேன். சுவரில் இருநூறை நான் அழிக்க மாட்டேன், அது நீ எழுதினது, நீ வந்து அழி. இல்லை, அது வேண்டும் என்றால் உன் அக்காவிடமே கேள், எத்தனை ஆள் வைத்தால் எத்தனை இலை முடியும் என்று. அவளுக்குத்தான் தெரியும். நாம் இரண்டு பேரும் கேட்காமலே போட்ட கணக்கு அது. வீரனிடம் நீ ஒரு வார்த்தை பேசணும், அதையும் அவள் உன் பேரில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கீரனூரில் இறங்கியதும் தங்கமுத்துவுக்குக் கூட மாட ஒத்தாசை செய்யலாம் என்று அவள் உங்கள் அடுக்களைக்குள் நுழைவாள். விடாதே. வெந்நீர் வைத்துக் காலில் ஊற்றச் சொல். முதல் சோறு அவளுக்குப் போடச் சொல். எத்தனை நாள் இருக்கிறாளோ இருக்கட்டும், எப்போது வருவாய் என்று நீயும் கேட்காதே, நானும் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். வந்து இறங்கினதும் உட்காரு அக்கா என்று நீ சொல்லு. மாமா சொன்னார் என்று சொல்லிவிடாதே. அதை நான் வந்து என் வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

சங்கிலி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். நீயும் பிள்ளைகளும் நல்லா இருக்கணும். அவளைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்
மொக்கைச்சாமி